கேரவன் ஸ்லைடு ஒழுகினால்: நீர் வந்த வழியைக் கண்டுபிடிக்கும் முறை

மழை விட்ட மறுநாள் காலையில் எனக்கு வரும் போன்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்கும். “அண்ணா, ஸ்லைடு ஒழுகுது. எந்த சிலிக்கான் வாங்கட்டும்?” ஸ்லைடு என்றால் கேரவனின் பக்கச் சுவரிலிருந்து வெளியே தள்ளி விரிக்கும் அறைப் பெட்டி. இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள் என்பதே என் பதில். ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும்: ஓடு விரிசல் விட்ட இடம் ஒன்று, பாத்திரம் வைக்கிற இடம் நாலு முழம் தள்ளி. கேரவனிலும் அப்படியே. ஈரம் தெரிகிற இடத்தில் பேஸ்ட்டை அப்பினால், நீர் வெளியேற வழியில்லாமல் உள்ளே நின்று பிளைவுட்டை ஓசையில்லாமல் தின்றுவிடும்.

கரூரில் பஸ் பாடி கட்டும் கூடத்தில் தகரம் வெட்டக் கற்றவன் நான். இப்போது பெங்களூரில் ஒசூர் சாலைப் பக்கம் ஒரு ஷெட்டில் கேரவன்களுக்கு வேலை பார்க்கிறேன். படப்பிடிப்புக்குப் போகிற வண்டிகளும் வருகின்றன, குடும்பத்தோடு ஊர் சுற்றக் கட்டிய வண்டிகளும் வருகின்றன. ஒழுகல் இரண்டுக்கும் ஒன்றுதான்.

நம் நாட்டில் சாலையில் ஓடும் வண்டியின் அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக்கூடாது. அதனால் நிறுத்திய பிறகு அறையை விரிக்க, பக்கச் சுவரை வெட்டி, ஸ்லைடு என்ற இந்தப் பெட்டியை அதில் நுழைத்து, மோட்டார் வைத்து வெளியே தள்ளுகிறோம். ஆளுயரத்துக்கு வெட்டிய அந்த ஓட்டையை மழையிலிருந்து காப்பது சுற்றிலும் இருக்கும் ரப்பர் பீடிங் மட்டுமே. அதில் இரண்டு வகை உண்டு. பெட்டியின் மேல் உரசி நீரை வழிக்கும் மெல்லிய இதழ் வைப்பர் பீடிங். முழுதாகத் திறந்தாலோ மூடினாலோ நசுங்கி அடைத்துக்கொள்ளும் குழாய் போன்றது பல்ப் பீடிங். இவற்றுக்கு மேலே, வண்டிச் சுவரிலிருந்து ஸ்லைடின் வெளி விளிம்பு வரை விரியும் சுருள் துணிதான் டாப்பர்.

டாப்பரைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது கூரை கிடையாது. இரண்டு ஓரமும் திறந்தே இருக்கும், சாரல் அடித்தால் நீர் அடியில் புகும். இலை, தூசி, நேரடி மழை, வெயில் இவை ஸ்லைடின் தலையில் விழாமல் தடுத்து, ரப்பரின் ஆயுளைக் கூட்டுவதே அதன் வேலை. ரப்பர் கெட்ட வண்டியில் டாப்பரைப் புதிதாகப் போட்டுப் பயனில்லை.

எந்த மாதத்தில் ஒழுகியது?

ஷெட்டுக்கு வருகிறவர்களிடம் இதைத்தான் முதலில் கேட்பேன். பெங்களூரில் மழை மூன்று விதமாகப் பெய்கிறது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறையை வெளியே கொண்டுவரும். ஏப்ரல், மே மாதங்களில் மாலையில் காற்றோடும் சில நாள் ஆலங்கட்டியோடும் இடிமழை. அப்போது கெடுவது துணியும் ஸ்பிரிங்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேற்குக் காற்றோடு மணிக்கணக்கில் தூறல், நீர் பக்கவாட்டில் அடிக்கும். அப்போது மட்டும் நனைந்தால் செங்குத்தான பீடிங்கைச் சந்தேகியுங்கள். செப்டம்பர், அக்டோபரில் கொட்டித் தீர்க்கும். அப்போதுதான் ஒழுகல் என்றால் மேலே தண்ணீர் தேங்குகிறது, அல்லது கூரையில் ஸ்க்ரூ ஓட்டை ஏதோ திறந்திருக்கிறது.

தண்ணீர் விட்டுச் சோதிப்பது

வண்டி காய்ந்திருக்கும் நாளில் செய்யுங்கள். ஸ்லைடை முழுதும் வெளியே தள்ளி, உள்பக்கம் சுற்றி அடித்திருக்கும் அலங்காரச் சட்டத்தைக் கழற்றுங்கள். அதன் பின்னால் பழைய செய்தித்தாளை மடித்துச் செருகிவையுங்கள். ஒரு சொட்டு பட்டாலும் தாள் கறுத்துக் காட்டிக்கொடுக்கும். ஒருவர் டார்ச்சோடு உள்ளே, இன்னொருவர் தோட்டத்து ஹோஸோடு வெளியே. முனையில் எதையும் மாட்டாமல் நீரைச் சும்மா வழியவிட வேண்டும். கார் கழுவும் பிரஷர் கன் கூடாது. அது நல்ல பீடிங்கையும் தள்ளிக்கொண்டு உள்ளே போய், இல்லாத பழுதைக் காட்டும்.

கீழிருந்து மேலே போங்கள். முதலில் கீழ் விளிம்பு, பிறகு பக்கவாட்டின் கீழ்ப்பாதி, மேல்பாதி, மூலை, கடைசியாகத் தலைப்பக்கமும் டாப்பர் மாட்டியிருக்கும் பட்டையும். ஒவ்வோர் இடத்திலும் 10 நிமிடம் பொறுமையாக நில்லுங்கள். மேலிருந்து தொடங்கினால் எல்லாம் நனைந்துபோகும், எதுவும் புலப்படாது. தாள் எப்போது கறுத்ததோ அப்போது ஹோஸ் எங்கே இருந்ததோ, அங்கேதான் உங்கள் பழுது.

“மேல் மூலையில் சொட்டுகிறது”

அதிகம் வருவதும் அதிகம் கெடுத்துவைக்கப்பட்டதும் இந்தப் புகார்தான்.

போன அக்டோபரில் காக்ஸ் டவுனிலிருந்து ஒரு வயதான தம்பதி வண்டியைக் கொண்டுவந்தார்கள். அந்த அம்மா என்னை நேராக மூலைக்கே கூட்டிப்போனார். “தம்பி, மூணு தடவை காசு குடுத்துப் பேஸ்ட் அடிச்சாச்சு. படுத்தா மூஞ்சியிலயே சொட்டுது. என்னன்னு பாருப்பா” என்றார். வேறொரு பட்டறையில் செய்த வேலை. மூலையைச் சுரண்டினேன். மேலே சாம்பல் நிற சிலிக்கான், அதன் அடியில் கண்ணாடி நிறம், அதற்கும் அடியில் மஞ்சளாகிப்போன வெள்ளை. மூன்றும் தனித்தனித் தோலாக உரிந்து வந்தன. காய்ந்த சிலிக்கான் மேல் எதுவும் ஒட்டாது, புதிய சிலிக்கான்கூடச் சரியாகப் பிடிக்காது. அந்தத் தோல்களுக்கு நடுவில் ஈரம் பளபளத்தது.

தண்ணீர் விட்டோம். மூலையில் 10 நிமிடம், ஒன்றுமில்லை. இன்னொரு 10 நிமிடம் விட்டும் தாள் வெள்ளையாகவே இருந்தது. மூலையிலிருந்து இரண்டடி தள்ளி, டாப்பர் துணியைக் கோத்திருக்கும் அலுமினியப் பட்டையின் மேல் ஹோஸைப் பிடித்ததும் ஏழாவது நிமிடத்தில் மூலைத் தாள் கறுத்தது. பட்டையைக் கழற்றிப் பார்த்தால், இரும்பு ஸ்க்ரூ போட்டிருக்கிறார்கள். துருப்பிடித்து ஒன்றின் தலை முறிந்துபோயிருந்தது. நீர் அந்த ஓட்டை வழியே உள்ளே போய், வெளித் தகட்டுக்குப் பின்னால் சட்டத்தின் மேல் இரண்டடி நடந்து, மூலையில் இறங்கியிருக்கிறது. மூன்று தடவையும் மூலையையே அடைத்திருக்கிறார்கள்.

செய்த வேலை இது. பழைய பேஸ்ட்டைப் பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் துளி மிச்சமில்லாமல் எடுத்தோம். இரும்பு ஸ்கிரேப்பர் பெயின்ட்டைக் கீறும். பட்டைக்குப் பின்னால் முழு நீளத்துக்கும் பியூட்டைல் டேப் (பிசுபிசுவென்று ஒட்டும் ரப்பர் நாடா) ஒட்டி, ஒவ்வோர் ஓட்டையிலும் பியூ (பாலியூரித்தேன்) சீலன்ட் நிரப்பி, ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போட்டு முடுக்கினோம். இறுகும்போது டேப் ஓரங்களில் பிதுங்கி வர வேண்டும். பிதுங்காத இடத்தில் அது தகட்டைப் பிடிக்கவில்லை. பிதுங்கியதை மறுநாள் வெட்டிவிட்டு ஸ்க்ரூத் தலைகள் மேல் மீண்டும் சீலன்ட்.

பட்டையில் பழுது இல்லை, மூலையில் விட்டபோதே தாள் கறுத்தது என்றால் பீடிங்கைப் பாருங்கள். மேல் பீடிங்கும் பக்க பீடிங்கும் சேரும் இடத்தில் ரப்பர் காலப்போக்கில் சுருங்கி விலகும். ஒரு தீக்குச்சி நுழைகிற இடைவெளி போதும், இரவெல்லாம் சொட்டும். அடுத்து, வைப்பர் இதழ் எந்தப் பக்கம் மடங்கியிருக்கிறது என்று விரலால் தடவுங்கள். ஸ்லைடு வெளியே வந்த நிலையில் இதழ் வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். ஏதாவது ஒரு சாண் நீளம் உள்பக்கம் சுருண்டிருந்தால் அது வாய்க்கால் வெட்டி விட்டதுபோல நீரை உள்ளே நடத்தும். மழுங்கிய பிளாஸ்டிக் கரண்டிக் காம்பால் நிமிர்த்திவிட்டால் சரியாகிவிடும். செலவே இல்லாத பழுது இது, பலர் இதற்கே புது பீடிங் வாங்கிவிடுகிறார்கள்.

உண்மையிலேயே மாற்ற வேண்டியிருந்தால், பழைய பீடிங்கில் இரண்டு அங்குலத் துண்டை வெட்டி கையோடு ஜே.சி. ரோடு கடைகளுக்கு எடுத்துப்போங்கள். போட்டோவைக் காட்டி வாங்கினால் பிடியின் தடிமன் மாறிப்போகும், ஒரு மாதத்தில் கழன்று தொங்கும். இந்த பீடிங் பெரும்பாலும் ஈபிடிஎம் ரப்பர். அது வெயிலைத் தாங்கும், பெட்ரோலிய எண்ணெயைத் தாங்காது, ஊதிப்போகும். ஆகவே கிரீஸ், டீசல், தின்னர் எதுவும் படக்கூடாது. தேங்காய் எண்ணெயும் வேண்டாம், தூசியை இழுத்து ஒட்டவைக்கும். சோப்புத் தண்ணீரில் துடைத்து, காயவிட்டு, சிலிக்கான் ஸ்பிரே அடித்தால் போதும்.

“ஸ்லைடை உள்ளே இழுக்கும்போது தண்ணீர் கொட்டுகிறது”

இதில் பீடிங்மேல் குற்றமில்லை. மேலே தேங்கிய நீரை நீங்களே உள்ளே இழுத்து வருகிறீர்கள். டாப்பர் இல்லாத வண்டியில் ஸ்லைடின் தலையிலும், டாப்பர் உள்ள வண்டியில் துணியின் தொய்விலும் நீர் நிற்கும். இழுக்கும்போது அது சுவரில் மோதி வைப்பரைத் தாண்டிக் கட்டில்மேல் விழும்.

மழை விட்டதும் ஒரே மூச்சில் மூடாதீர்கள். அரை அடி இழுத்து நிறுத்துங்கள். துணி இறுகித் தேங்கிய நீரை வெளி ஓரமாகக் கொட்டும். வடிந்ததும் அடுத்த அரை அடி. டாப்பர் இல்லையென்றால் நீளக் கம்பில் தரை வைப்பரைக் கட்டி, ஏணியில் நின்று தள்ளிவிடுங்கள். ஸ்லைடின் தலைமேல் ஏறக்கூடாது. அது ஆள் எடையைத் தாங்கக் கட்டியதில்லை.

வண்டி நின்ற இடத்தையும் பாருங்கள். மழைநீர் வடிவதற்காக நம் சாலைகள் நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழ்ந்திருக்கும். இடது ஓரத்தில் நிறுத்தினால் வண்டி இடப்பக்கம் சாயும். ஏறும் கதவு இடது பக்கம் என்பதால் பல வண்டிகளில் ஸ்லைடு வலது பக்கம் இருக்கிறது. அப்படியானால் ஸ்லைடின் தலையில் விழும் நீர் வெளியே போகாமல் பீடிங்கை நோக்கியே ஓடும். படப்பிடிப்புக்குத் தெருவோரம் நாள் முழுக்க நிற்கும் வண்டிகள் அதிகம் ஒழுகுவதற்கு இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். ஸ்லைடின் தலையில் ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள். குமிழி வண்டிச் சுவர்ப் பக்கம் ஒதுங்கினால் வாட்டம் சரி, வெளி விளிம்புப் பக்கம் ஒதுங்கினால் தவறு. ஸ்லைடை உள்ளே இழுத்துவிட்டு, தாழ்ந்த பக்கச் சக்கரங்களைப் பலகைமேல் ஏற்றிய பிறகு திறங்கள். சாய்ந்த வண்டியில் ஸ்லைடை நகர்த்தினால் மோட்டாரும் பல்சக்கரமும் அடிவாங்கும்.

“டாப்பர் நடுவில் தொப்பையாகத் தொங்குகிறது”

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் நீர் நின்றால் ஒரு லிட்டர், அதாவது ஒரு கிலோ. 4 மீட்டர் நீளம், 0.9 மீட்டர் அகலம் உள்ள டாப்பரில் பாதிப் பரப்பில் 25 மில்லிமீட்டர் தேங்கினால் 45 கிலோ. மூன்று குடம் தண்ணீரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டதற்குச் சமம். இந்தப் பாரத்தில் உருளைக் குழாய் வளையும், பட்டையின் ஸ்க்ரூ தளரும், அங்கிருந்து மேலே சொன்ன மூலை ஒழுகல் பிறக்கும். தொய்வைச் சின்ன விஷயமாக விடக்கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அக்ரிலிக் நெசவுத் துணி நீரை உருட்டிவிடும், ஆனால் தேங்கவிட்டால் கசியும். அதில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்தாக உருளாமல் கறுத்து ஊறினால் மேல்பூச்சு போய்விட்டது, நீர்விலக்கி ஸ்பிரே அடிக்கலாம். வினைல் துணி என்றால் உச்சி வெயிலில் அதன் அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். மடிந்த கோடுகளில் ஊசித்துளைகள் மினுங்கும். ஒன்றிரண்டு என்றால் ஒட்டுத் துண்டு போதும், வரிசையாகத் தெரிந்தால் துணியை மாற்றுங்கள்.

பெங்களூரின் மரங்களும் சேர்ந்து வேலை வைக்கும். தூங்குமூஞ்சி மரத்தடியில் ஒரு வாரம் நின்ற வண்டியின் டாப்பரைப் போன மாதம் விரித்தோம். நெற்று ஒன்று உருளைக்குள் சிக்கி நசுங்கி, அதன் பிசின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கறுப்பு வட்டம் அச்சிட்டிருந்தது. வட்டங்கள் போகப் போகச் சிறிதாகி, ஆறாவது வட்டத்தின் நடுவில் துணியே கிழிந்திருந்தது. பெருங்கொன்றைப் பூ உதிரும் காலத்திலும் இப்படித்தான், மஞ்சள் கறை ஏறிவிடும். மூடும் முன் மேலே ஒருமுறை பெருக்கிவிடுங்கள். ஈரத்தோடு மூட வேண்டி வந்தால், மழை நின்றதும் விரித்துக் காயவையுங்கள். இல்லையென்றால் பூஞ்சணம் பிடிக்கும்.

“டாப்பர் தானாகச் சுருளவில்லை, காற்றில் படபடக்கிறது”

உருளைக்குள் இருக்கும் முறுக்கு ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. நெடுஞ்சாலையில் இப்படியே போனால் காற்று துணிக்குள் புகுந்து பலூனாக ஊதிக் கிழித்துவிடும். தற்காலிகமாக உருளையைச் சுற்றி நாடா கட்டி, ஷெட்டுக்கு மெதுவாக ஓட்டி வாருங்கள். கட்டிய நாடாவை அவிழ்க்காமல் ஸ்லைடைத் திறந்துவிடாதீர்கள்.

கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்: பூட்டு ஊசி போடாமல் உருளையின் ஓர மூடியைக் கழற்றாதீர்கள். மொத்த முறுக்கும் ஒரே நொடியில் விடுபடும், மணிக்கட்டு உடையும். எத்தனை சுற்று முறுக்க வேண்டும், எந்தத் திசையில் என்பது தயாரிப்பாளர் கையேட்டில் இருக்கும். கையேடு இல்லையென்றால் இதில் கை வைக்காமல் தெரிந்தவரிடம் விடுங்கள். தெரிந்தவரும் துணைக்கு ஒரு ஆள் வைத்துத்தான் செய்ய வேண்டும்.

“நின்றால் ஒழுகவில்லை, ஓடினால் நனைகிறது”

மூடிய நிலையில் பல்ப் பீடிங் சரியாக நசுங்கவில்லை. ஒரு விசிட்டிங் கார்டை பீடிங்குக்கும் விளிம்புக்கும் நடுவில் வைத்து ஸ்லைடை மூடி, இழுத்துப் பாருங்கள். இறுக்கிப் பிடிக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்த இடத்தைச் சாக்பீஸால் குறியுங்கள். சுற்றிலும் ஒரு சாணுக்கு ஒரு தடவை இப்படிச் செய்தால் படம் தெளிவாகிவிடும். ஒரே பக்கம் முழுக்க வழுக்கினால் ஸ்லைடு கோணலாக மூடுகிறது, பீடிங்கை விட்டுவிட்டு மோட்டாரின் ஓட்டத்தைச் சரிசெய்ய வேண்டும். அடிப்பக்கம் மட்டும் நனைந்தால் சக்கரம் வாரியடிக்கும் நீர், மட்கார்டு ரப்பரைப் பாருங்கள்.

“மழையே இல்லை, ஆனாலும் ஈரம்”

ஏசி. கூரை ஏசியின் வடிகுழாய் அடைத்தாலோ விலகினாலோ அந்த நீர் ஸ்லைடின் தலையில் இறங்கும். வெயில் நாளில் இரண்டு மணி நேரம் ஏசியை ஓடவிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். ஸ்லைடுக்குள் சமையல் மேடை இருந்து, கதவைச் சாத்திக்கொண்டு சோறு வடித்தாலும் குளிர்ந்த தகட்டில் ஆவி படிந்து வழியும். ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவையுங்கள்.

“தரை மெத்தென்று அமுங்குகிறது, ஓத வாடை வருகிறது”

இது பழைய ஒழுகல். ஸ்க்ரூடிரைவரால் தரை ஓரத்தைக் குத்திப் பாருங்கள். நல்ல பிளைவுட் எதிர்த்து நிற்கும், கெட்டது ரொட்டித் துண்டு மாதிரி உள்வாங்கும். கெட்ட இடத்தைத் தாண்டி ஒரு சாண் நல்ல பலகை வரும் வரை வெட்டி எடுக்க வேண்டும். புதுப் பலகையின் வெட்டு முனைகளில்தான் நீர் முதலில் ஏறும், அவற்றுக்கு எபாக்ஸி பூசாமல் பொருத்தவே கூடாது. வழியை அடைத்து, அடுத்த பெருமழையில் தாள் வைத்து உறுதி செய்த பிறகே தரையை மூடுங்கள். இதில் அவசரப்பட்டு ஒரே வேலையை இரண்டு தடவை செய்து கொடுத்திருக்கிறேன், இரண்டாம் தடவைக்கு அவர்களிடம் காசு கேட்க மனம் வரவில்லை.

“மழைக்குப் பிறகு ஸ்லைடு நகர மறுக்கிறது”

முதலில் பேட்டரி. 12 வோல்ட் பேட்டரி முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும்போது 12.6 காட்ட வேண்டும், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. பேட்டரி சரியென்றால் எர்த் வயரின் முனையில் பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கும், சுரண்டி முடுக்குங்கள். முக்கி முனகுகிற மோட்டாரை விடாமல் அழுத்தினால் ஃபியூஸோடு நிற்காது.

மழை கொட்டிக்கொண்டிருக்கிறது, இப்போது என்ன செய்வது?

முடிந்தால் ஸ்லைடை மூடுங்கள். பக்கவாட்டுப் பெரிய சுருள் பந்தல் விரித்திருந்தால் அதையும் சுருட்டிவிடுங்கள். மே மாதக் காற்றுக்கு அது தாங்காது. வெறும் தூறல் என்றால் பந்தலைத் தாங்கும் கால்களில் ஒன்றை மட்டும் ஒரு அடி தாழ்த்தி வாட்டம் விடுங்கள்.

மூட முடியாத நிலை என்றால் லாரிப் படுதா ஒன்று போதும். அதன் ஒரு விளிம்பு வண்டிக் கூரையின் மேலேயே, ஸ்லைடின் இணைப்புக்கு ஒன்றரை அடி உள்ளே தள்ளித் தொடங்க வேண்டும். இணைப்பிலேயே தொடங்கினால் கூரை நீர் படுதாவுக்கு அடியில் ஓடும். நடுவில் ஒரு தலையணையைப் பாலிதீன் பையில் சுற்றி டாப்பருக்கும் படுதாவுக்கும் இடையே வைத்தால் தேங்காமல் மேடாகி வழியும். கயிற்றை எதிர்ப் பக்கம் சக்கரத்தின் அருகே சட்டத்தில் கட்டுங்கள், டாப்பரைத் தாங்கும் கம்பியில் கட்டக்கூடாது. ஸ்விட்சின் மேல் “படுதா இருக்கிறது, இழுக்காதே” என்று ஒரு தாளை ஒட்டிவிட்டுப் படுங்கள். காலையில் தூக்கக் கலக்கத்தில் பொத்தானை அழுத்துவது நீங்களாக இல்லாமல் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.